'இங்' ஈறும் 'எட்' ஈறும்: ஆங்கில எச்ச வடிவங்கள் குறித்து ஒரு விளக்கம்

ஆங்கில இலக்கணத்தின் ஒரு சிறு பகுதியைப் பற்றி இறையியல் இதழொன்றில் எழுதுவானேன் என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நாம் நாடோறும் கையாளும் விளக்கவுரைகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் உள்ளன. மாணவருள் பலர் தம் ஆய்வேடுகளை அம்மொழியிலேயே எழுதவேண்டியவர்களாயிருக்கின்றனர். தமிழில் அருளுரை ஆற்றும் ஆயரும், அயல்நாட்டுத் திருச்சபைகளுக்குக் கடிதமோ அறிக்கையோ வரைய நேரும்போது ஆங்கிலத்தையே நாடுகிறார். ஆகவே, ஒரு சொல்லின் ஈறு மாறுவதால் பொருள் தலைகீழாகிவிடும் இடம் ஒன்று அம்மொழியில் உண்டெனில், அதனை அறிந்துகொள்வது வீண்வேலையன்று.

இதனை நாம் நூலிலிருந்து கற்கவில்லை, பட்டுக் கற்றோம். குருப்பட்டம் பெற்ற புதிதில், மழை பொய்த்துப்போன ஓர் ஆண்டின் இறுதியில், நம் பொறுப்பிலிருந்த கிராமச் சேகரத்தின் நிலையைக் குறித்து வெளிநாட்டு அன்பர் சிலருக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை அனுப்பினோம். மக்கள் மிகவும் களைத்துப்போயிருக்கிறார்கள், ஏமாற்றமடைந்திருக்கிறார்கள் என்று தெரிவிப்பதே நம் எண்ணம். நாம் எழுதியதோ, 'அவர் பீப்பிள் ஆர் வெரி டயரிங் அண்ட் டிஸ்ஸப்பாயிண்டிங்' என்பது. சில வாரங்களில் மறுமொழி வந்தது. அன்பான கடிதமே. ஆனால் சபையார்மேல் ஆயர் இத்துணை மனக்கசப்புக் கொள்ள நேர்ந்தது ஏன், அவர்கள் இழைத்த தவறு யாது, நல்லுறவு திரும்ப என்ன செய்யலாம் என்றெல்லாம் அதில் வினவப்பட்டிருந்தது. வறட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாம் திகைத்துப்போய் அகராதியைப் புரட்டினோம். 'டயர்' என்றால் களைப்பு, 'டிஸ்ஸப்பாயிண்ட்' என்றால் ஏமாற்றம் என்றே இருந்தது. பிழை எங்கே என்று விளங்கவில்லை. பின்பு ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் அறிக்கையின் படியைக் காட்டினோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு முறை வாசித்துவிட்டு, "ஐயரவர்களே, மக்கள் களைத்தார்கள் என்றா எழுதினீர்கள்? மக்களால் தாங்கள் களைத்தீர்கள் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்!" என்றார். உழைத்துக் களைத்து, விளைச்சலின்றி ஏமாந்து நின்ற எளிய மக்களை, ஆயரைக் களைப்பூட்டுகிறவர்கள், நம்பத்தகாதவர்கள் என்று நாமே அயலார்முன் பழிதூற்றியிருந்தோம்.

அப்பிழையை நாம் செய்தது கவனக்குறைவினால் அன்று, யோசித்தே செய்தோம். அதுதான் இங்குக் கருதத்தக்கது. 'இங்' என்று முடிவதற்குப் 'பிரசண்ட் பார்ட்டிசிப்பிள்' என்றும், 'எட்' என்று முடிவதற்குப் 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' என்றும் பள்ளியில் பெயர் கற்றிருந்தோம். முன்னது நிகழ்காலம், பின்னது இறந்தகாலம். வறட்சி இன்னும் நீங்கவில்லை. மக்கள் இன்றும் களைத்தே இருக்கிறார்கள். ஆகவே நிகழ்கால வடிவமே பொருந்தும் என்று கணக்கிட்டோம். நம் மாணவர்களுள் பத்தில் எண்மர் இன்றும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பதை வகுப்பறையில் காண்கிறோம்.

பெயர்களே இக்குழப்பத்திற்கு மூலம். பார்ட்டிசிப்பிள் என்னும் சொல் 'பங்குகொள்வது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதுவோ, மெத்தொக்கே என்னும் கிரேக்கப் பெயரின் மொழிபெயர்ப்பு. டயோனீசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாக இதனை வைத்தது. பெயரின் இயல்பிலும் வினையின் இயல்பிலும் பங்குகொள்வதால் அப்பெயர். கிரேக்கம் பயிலும் நம் மாணவர் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் 'மெத்தொக்கோய்', அதாவது பங்குள்ளவர்கள், என்னும் உறவுச்சொல்லைச் சந்தித்திருப்பர். இலத்தீனில் இவ்வடிவங்களுள் நிகழ்காலத்துக்குரியது செய்வினைப் பொருளிலும், முற்றுப்பெற்ற காலத்துக்குரியது பெரும்பாலும் செயப்பாட்டுவினைப் பொருளிலும் வழங்கின. ஆங்கில இலக்கணிகள் இலத்தீனின் காலப் பெயர்களை எடுத்துத் தம் மொழியின் இரு வடிவங்களுக்கும் சூட்டிவிட்டனர். காலத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்வினை செயப்பாட்டுவினை என்னும் மெய்யான வேற்றுமை பெயரில் இடம்பெறாமலே போயிற்று.

மேலே காட்டியவை போன்ற சொற்களில் ஆங்கிலம் வினவுவது 'எப்பொழுது' என்பதையன்று. 'யார் யாருக்குச் செய்தது' என்பதையே. நேற்றைய அருளுரை சலிப்பூட்டியதாயின் அது நேற்றும் 'போரிங்' தான். நாளை நாம் சலிப்படையப் போகிறோமாயின் நாளையும் நாம் 'போர்ட்' தான். இறந்தகாலம் 'இங்' ஈற்றைத் தடுக்கவில்லை; எதிர்காலம் 'எட்' ஈற்றை விலக்கவில்லை.

தமிழர்க்கு இது கடினமாயிருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது நம் மொழியின் அமைப்பிலேயே உள்ளது. ஆங்கிலத்தின் இவ்வடிவங்கள் பெயருக்குமுன் வருமிடத்தில் தமிழில் நிற்பது பெயரெச்சம். செய்த, செய்கின்ற, செய்யும் என அது மூன்று காலத்தையும் தெளிவாகக் காட்டும். ஆனால் அது கொண்டு முடியும் பெயர் எத்தகையது என்பதை வடிவத்தால் காட்டாது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறு பொருட்பெயரையும் பெயரெச்சம் ஏற்கும் என்பது நன்னூல் கற்றோர் அறிந்ததே. சமைத்த பெண், சமைத்த பானை, சமைத்த வீடு, சமைத்த சமையல், சமைத்த நாள், சமைத்த சோறு: எச்சம் ஒன்றே, பெயர்தான் மாறுகிறது. பெண் சமைத்தவள், சோறு சமைக்கப்பட்டது என்பதை நாம் உலகறிவால் உணர்கிறோமேயன்றி, எச்சத்தின் ஈற்றைக் கொண்டு உணர்வதில்லை. 'அடித்த பையன்' என்பது அடிகொடுத்தவனையும் குறிக்கலாம், அடிபட்டவனையும் குறிக்கலாம். தெருவில் அழுதுகொண்டு நிற்பவன் எவன் என்று பார்த்தே தெளிவோம். இடையன்குடியில் ஊழியஞ்செய்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இதற்கு 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என்று பெயரிட்டு வழங்கினார். ஆங்கிலத்தில் இதற்கு நேரான வடிவம் இல்லாமையால் அவ்வாறு அடைமொழி கொடுக்கவேண்டியதாயிற்று.

ஆக, தமிழ்ப் பெயரெச்சம் காலத்தைக் காட்டிப் பக்கத்தை மறைக்கிறது. ஆங்கில எச்சம் பக்கத்தைக் காட்டிக் காலத்தை மறைக்கிறது. தமிழ்க் காதோடு ஆங்கிலம் எழுதுகிறவர் காலத்தைத் தேடுவதில் வியப்பென்ன?

ஆயினும் இந்நோய்க்கு மருந்தும் நம் மொழியிலேயே உண்டு. அயல்நாட்டு இலக்கண நூல்களில் நாம் காணாத எளிய மருந்து அது. தமிழ் வினைகளுள் பல தன்வினை, பிறவினை என இரட்டையாக அமைந்தவை. குழம்பு, குழப்பு; கலங்கு, கலக்கு; வருந்து, வருத்து; மயங்கு, மயக்கு; திருந்து, திருத்து என்பன போல. உள்ளத்து உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கில வினைகளில் மிகப் பல பிறவினையாக மட்டுமே உள்ளன. 'கன்ஃபியூஸ்' என்றால் குழப்பு என்பதே. குழம்பு என்பதற்குத் தனி வினை அங்கு இல்லை. அப்படியானால் குழம்பியவனை எவ்வாறு குறிப்பது? குழப்பப்பட்டவன் என்று, 'கன்ஃபியூஸ்ட்' என்றுதான் குறித்தாகவேண்டும். எனவே எழுத விழைவதை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கவேண்டும். பிறவினை வருமாயின் 'இங்' ஈறு. தன்வினை வருமாயின் 'எட்' ஈறு. குழப்புகிற வினா 'கன்ஃபியூசிங்'. குழம்பிய மாணவன் 'கன்ஃபியூஸ்ட்'. மனத்தைக் கலக்குகிற செய்தி 'டிஸ்டர்பிங்'. கலங்கிய தாய் 'டிஸ்டர்ப்ட்'.

இரட்டை வினை இல்லாத இடங்களில் துணைவினை கைகொடுக்கும். ஊட்டு, அளி, தரு என்பன பிறவினைப் பக்கத்தவை. அடை, உறு, கொள், படு என்பன தன்வினைப் பக்கத்தவை. சலிப்பூட்டுகிற, ஊக்கமளிக்கிற, ஏமாற்றந்தருகிற என்று தமிழில் தோன்றினால் 'போரிங்', 'என்கரேஜிங்', 'டிஸ்ஸப்பாயிண்டிங்'. சலிப்படைந்த, ஊக்கமுற்ற, ஏமாற்றமடைந்த, ஆச்சரியப்பட்ட என்று தோன்றினால் 'போர்ட்', 'என்கரேஜ்ட்', 'டிஸ்ஸப்பாயிண்டட்', 'சர்ப்ரைஸ்ட்'. ஆர்வங்கொண்டவர் 'இன்ட்ரஸ்டெட்', ஆர்வமூட்டுவது 'இன்ட்ரஸ்டிங்'. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் ஹீப்ரூ' என்று எழுதும்போது, எபிரெயத்தின்மேல் தாம் கொண்ட ஆர்வத்தைச் சொல்லாமல், தாம் சுவையான மனிதர் என்று தம்மைத் தாமே மெச்சிக்கொள்கிறார். அவர் அடக்கமுள்ளவராயிருந்தால் இன்னும் பரிதாபம்.

மனிதர் எப்பொழுதும் 'எட்', பொருள் எப்பொழுதும் 'இங்' என்று சில பாடநூல்கள் கற்பிக்கும் குறுக்குவழியை நாம் ஏற்பதற்கில்லை. மனிதரும் பிறருக்குச் சலிப்பூட்டக் கூடுமே! ஓர் ஆயர் 'போர்ட்' ஆக இருக்கலாம், 'போரிங்' ஆகவும் இருக்கலாம். முன்னது அவருடைய துன்பம், பின்னது சபையாரின் துன்பம். ஆராதனை முடிந்து வாயிலில் கைகுலுக்கும் முதியவர் எதனைச் சொன்னார் என்று கூர்ந்து கேட்பது நலம். மறுபுறம், உயிரற்றவையும் சிலபோது 'எட்' ஈற்றை ஏற்கும். கவலை தோய்ந்த முகத்தை 'வரீட் லுக்' என்றும், மகிழ்ந்தவரின் புன்னகையைப் 'ப்ளீஸ்ட் ஸ்மைல்' என்றும் கூறுவர். அங்கே முகமும் நகையும் அவற்றை உடையவரின் உள்ளத்துக்குப் பதிலாளாக நிற்கின்றன. தன்வினை, பிறவினைச் சோதனை இவ்விடங்களிலும் பொய்ப்பதில்லை.

இதுவரை கூறியது உள்ளத்து உணர்ச்சி பற்றிய வினைகளுக்கு. எல்லா வினைகளுக்கும் இதனையே விதியாக்கினால் வேறொரு குழியில் விழுவோம். 'பாயிலிங் வாட்டர்' என்பது கொதிக்கிற நீர். 'பாயில்ட் வாட்டர்' என்பது கொதித்து ஆறிய நீர். விடுதியின் நீர்த்தொட்டிமேல் ஒட்டப்படும் அறிவிப்பில் இவற்றை மாற்றி எழுதினால் மாணவர் அருகே போக அஞ்சுவர். 'ஃபாலிங் லீவ்ஸ்' விழுகின்ற இலைகள். 'ஃபாலன் லீவ்ஸ்' விழுந்துகிடக்கும் இலைகள். இங்கே வேற்றுமை செயலின் நடப்பும் முடிவும் பற்றியது. தமிழ்க் காது கேட்கும் காலவேற்றுமை இவ்விடத்தில் சரியாகவே கேட்கிறது.

பின்னதில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இலையை எவரும் வீழ்த்தவில்லை, தானே விழுந்தது. 'எட்' வடிவம் செயப்பாட்டுப் பொருள் தரும் என்றோமே, இது எவ்வாறு? விழுதல், எழுதல், வாடுதல், தப்புதல், ஓய்வுபெறுதல், பிரிந்துபோதல் போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதைக் குறிப்பன. இவ்வகை வினைகள் சிலவற்றின் 'எட்' வடிவம் செய்வினைப் பொருளிலேயே, முடிந்த செயலைக் காட்டி நிற்கும். 'ரிட்டயர்ட் பாஸ்டர்' தாமே ஓய்வுபெற்றவர். 'எஸ்கேப்ட் பிரிசனர்' தப்பியோடியவன். அடக்க ஆராதனையில் 'தி டிபார்ட்டட்' என்று குறிக்கப்படுபவர் பிரிந்து சென்றவர். எவராலும் பிரிக்கப்பட்டவர் அல்லர். ஆனால் சிரித்தல், உறங்குதல், ஓடுதல் போன்று நிலைமாற்றம் இல்லாத வினைகளுக்கு இவ்வழக்குப் பொதுவாக இல்லை. சிரித்த குழந்தையை 'லாஃப்ட் சைல்ட்' என்றால் ஆங்கிலேயர் விழிப்பார். நம் தமிழில் சிரித்த குழந்தைக்கு ஒரு தடையும் இல்லை.

உயிர்த்தெழுதலைப் பற்றி 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறை 'இஸ் ரிசன்' என்று கூறுவதையும் இவ்வகையிலேயே உணரவேண்டும். 'இஸ்' என்பதைத் தொடர்ந்து இவ்வடிவம் வருவதால் அதனைச் செயப்பாட்டுவினை என்று கொண்டு, 'எழுப்பப்பட்டார்' என்று பொருள் கூறி, அதன்மேல் கோட்பாடு கட்டிய மாணவர் கட்டுரைகளை நாம் திருத்தியதுண்டு. 'ரைஸ்' என்பது தன்வினை. எழுப்பு என்பதற்கு 'ரெய்ஸ்' என்னும் வேறு வினை இருக்கிறது. அக்கால ஆங்கிலத்தில் போதல், வருதல், எழுதல் முதலிய வினைகளின் முற்றுப்பெற்ற நிலையை 'ஹேஸ்' என்பதற்குப் பதிலாக 'இஸ்' என்பதோடு கூறுவது இயல்பான வழக்கு. 'இஸ் கம்' என்றால் வந்திருக்கிறார், அவ்வளவே. மாற்கு 16:6-இலுள்ள கிரேக்கச் சொல்லின் வடிவம் செயப்பாட்டுக்குரியது என்பதும், 1989-இல் வெளியான புதிய திருத்திய மொழிபெயர்ப்பு அதனைப் பின்பற்றி 'ஹேஸ் பீன் ரெய்ஸ்ட்' என்று பெயர்த்தது என்பதும் வேறு செய்தி. கிரேக்கத்தை ஆதாரமாகக் காட்டி அம்மாணவர் வாதாடியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம். 'ரிசன்' என்னும் ஆங்கிலச் சொல்லை அதற்குச் சான்றாக்கியதே பிழை.

ஒருசில சொற்கள் எவ்விதிக்கும் அடங்காமல் நிற்கும். 'வெல்-ரெட் மேன்' நன்கு வாசிக்கப்பட்டவர் அல்லர், நிரம்ப வாசித்தவர். கற்றறிந்தவரைக் குறிக்கும் 'லெர்னட்' என்பதை ஈரசையாக ஒலிக்கவேண்டும். 'போர்ன்' என்று ஒரேவிதமாய் ஒலிக்கும் இரு சொற்களில் ஈற்றில் 'ஈ' எழுத்து இல்லாதது பிறந்ததைக் குறிக்கும். இருப்பது சுமக்கப்பட்டதைக் குறிக்கும். இவற்றை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை.

'டிரிங்கிங் வாட்டர்' என்பதில் நீரா குடிக்கிறது என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். நல்ல கேள்வி. 'வாக்கிங் ஸ்டிக்' நடப்பதில்லை. 'டைனிங் ஹால்' உண்பதில்லை. இவற்றில் வரும் 'இங்' பார்ட்டிசிப்பிளே அன்று, தொழிற்பெயர். குடித்தலுக்கான நீர், நடத்தலுக்கான கோல் என்று விரியும். இவ்விரண்டும் பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு ஈறுகளைக் கொண்டிருந்தன. தொழிற்பெயர் 'உங்' அல்லது 'இங்' என்றும், எச்சம் 'எண்டெ' என்றும் முடிந்தன. பிற்பட்ட நூற்றாண்டுகளில் பின்னதன் ஈறு மாறி முன்னதோடு ஒன்றிப்போயிற்று. தமிழில் இவ்வகைச் சொற்களுக்கு வினைத்தொகை மிக அழகாக ஈடுகொடுக்கிறது: குடிநீர், ஊன்றுகோல். காலமும் பக்கமும் இரண்டும் மறைந்திருக்க, பொருள் மட்டும் தெளிவாயிருக்கிறது.

மறைந்துபோன அப்பழைய 'எண்டெ' ஈற்றின் தடங்கள் இரண்டு இன்றைய ஆங்கிலத்தில் எஞ்சியுள்ளன. 'ஃபிரெண்ட்' என்பது நேசித்தல் என்னும் பழைய வினையின் எச்சம், அதாவது நேசிக்கிறவன். 'ஃபீண்ட்' என்பது பகைத்தல் என்னும் வினையின் எச்சம், பகைக்கிறவன். அது பின்னர்ப் பிசாசுக்கே பெயராயிற்று. இயேசுவையும் பழைய ஆங்கிலர் 'ஹேலெண்ட்' என்று அழைத்தனர். குணமாக்குகிறவர், மீட்கிறவர் என்னும் பொருளுடைய இதுவும் அதே ஈற்றுச் சொல். நண்பன், பகைவன், மீட்பர் ஆகிய மூவரும் ஒரே இலக்கண வடிவத்தில் நின்றனர் என்பது நமக்கு இன்றும் இன்பந்தரும் செய்தி.

வாக்கியத்தின் தொடக்கத்தில் எச்சத்தை வைத்து எழுதும்போது நேரும் ஒரு பிழையையும் தொட்டுச் செல்வோம். 'ஹேவிங் ப்ரீச்ட் ஃபார் அன் அவர், தி கொயர் சேங்' என்று ஒரு விழா அறிக்கையில் வாசித்தோம். ஒரு மணிநேரம் பிரசங்கித்தவர் ஆயர். வாக்கியப்படியோ பிரசங்கித்தது பாடகர் குழு. தமிழிலும் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியவேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆனால் மழை பெய்து குளம் நிரம்பியது என்பது போன்ற தொடர்களுக்கு நம் மொழி இடந்தருகிறது. பெய்தது மழை, நிரம்பியது குளம். அப்பழக்கத்தால் ஆங்கிலத்திலும் எழுவாயை நழுவவிடுகிறோம். 'தி ரெயின் ஹேவிங் ஃபாலன்' என்று மழையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் ஆங்கிலமும் தடுக்காது; சொல்லாமல் விட்டால் அடுத்து நிற்கும் பெயரே அச்செயலைச் சுமக்கும்.

இனி, நம் பணிக்கு மிக நெருங்கிய ஓரிடத்துக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'எட்' வடிவம் காலத்தைக் காட்டாது என்றோம். 'சேவ்ட்' என்றால் இரட்சிக்கப்பட்ட என்றும் கொள்ளலாம், இரட்சிக்கப்படுகிற என்றும் கொள்ளலாம். நடந்துகொண்டிருக்கும் செயப்பாட்டை ஐயமின்றிக் காட்டவேண்டுமானால் 'பீயிங் சேவ்ட்' என்று கூட்டியே எழுதவேண்டும். அவ்வாறே, வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இன்று 'இஸ் பீயிங் பில்ட்' என்கிறோம். ஆனால் 'இஸ்' என்பதோடு 'பீயிங்' சேரும் இத்தொடர் ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலையெடுத்தது. 1611-இல் மொழிபெயர்த்தோரிடம் இக்கருவி இல்லை. நோவாவின் பேழை ஆயத்தம்பண்ணப்பட்டுக்கொண்டிருந்ததை 1 பேதுரு 3:20-இல் அவர்கள் 'பிரிப்பேரிங்' என்று 'இங்' ஈற்றாலேயே கூறவேண்டியதாயிற்று. இன்றைய மாணவருக்கு அங்கே பேழை எதையோ ஆயத்தம் செய்வதுபோல் தோன்றும்.

1 கொரிந்தியர் 1:18-இல் கிரேக்கத்தில் உள்ளது நிகழ்காலச் செயப்பாட்டு எச்சம். கெட்டுப்போகிறவர்கள் ஒருபுறமும் இரட்சிக்கப்படுகிறவர்கள் மறுபுறமுமாக, இரு கூட்டத்தாரும் வழியில் நடந்துகொண்டிருப்பவர்களாகவே அங்குக் காட்டப்படுகின்றனர். 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'ஆர் சேவ்ட்' என்றது. பயணத்தில் இருப்பவர் ஊர்போய்ச் சேர்ந்தவர்போல் ஆயினர். 1946-இல் வெளியான திருத்திய புதிய ஏற்பாடு 'பீயிங் சேவ்ட்' என்று மாற்றியது. அப்போஸ்தலர் 2:47-இலும் கிரேக்க எச்சம் அதே வடிவினதே. அங்கே பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஷுட் பி சேவ்ட்' என்று போயிற்று. இரட்சிக்கப்படவேண்டியவர்கள் யாரென முன்னமே குறிக்கப்பட்டிருந்தது என்னும் கருத்தை அச்சொல்லிலிருந்து வாசித்தெடுக்க இடமுண்டாயிற்று. கிரேக்க எச்சத்திலோ அக்கருத்துக்குத் தனிச் சான்று இல்லை. முன்குறித்தலைக் குறித்து எவர் எக்கொள்கை உடையவராயினும், அதற்கு ஆதாரத்தை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடங்களில் ஆங்கிலேயர் பட்ட இடர்ப்பாடு இல்லை. 'படு' என்னும் துணைவினை செயப்பாட்டைத் தாங்க, 'கிற' என்னும் இடைநிலை நிகழ்காலத்தைத் தாங்க, கிரேக்க எச்சத்தின் இரு கூறுகளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. சென்ற பருவத்தில் அருளுரைப் பயிற்சிக்காக மாணவர் ஒருவர் 1 கொரிந்தியர் 1:18-ஐத் தெரிந்துகொண்டார். பழைய ஆங்கில விளக்கவுரை ஒன்றைத் துணையாகக் கொண்டு, 'சேவ்ட்' என்னும் இறந்தகாலச் சொல் முற்றுப்பெற்ற மீட்பையே உணர்த்துகிறது என்று மூன்று தலைப்புகளில் உருக்கமாகப் பேசினார். பேசி முடித்ததும், அவர் பீடத்தின்மேல் திறந்துவைத்திருந்த தமிழ்த் திருமறையில் அவ்வசனத்தை ஒரு முறை உரக்க வாசிக்கும்படி கேட்டோம். அவர் வாசித்து, 'இரட்சிக்கப்படுகிற' என்னும் சொல்லில் நின்றார். பின்பு அதனை மறுபடியும் வாசித்தார்.